குண்டல் ரோடு ஸ்டேஷனில் இறங்கியவர்

(முன்னாள் மாணவன், இயந்திரப் பொறியியல் துறை)



மலர்க் குழுவினர் போன் செய்து கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் நினைவுகளைத்தான் எழுதித் தருவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். மெஸ் சாம்பாரையும், வார்டன் கண்ணில் மண்ணைத் தூவி செகண்ட் ஷோ போனதையும் எழுத என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என் பேட்ச்சிலேயே இருக்கிறார்கள். அவர்கள் எழுதட்டும். நான் ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதை தொடங்குவது நம் ஒர்க்‌ஷாப்பில்தான்.

ஜன்னல் ஓரம் இருந்த மூன்றாவது லேத்து ஞாபகம் இருக்கிறதா? மைசூர் கிர்லோஸ்கர், ஹரிஹர் என்று பெயர் போட்டிருக்கும். டேப்பர் டர்னிங் என்ற பெயரில் நான் எத்தனை இரும்புத் துண்டுகளைப் பாழாக்கினேன் என்பது அந்த லேத்துக்கும் எங்கள் ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டருக்கும் மட்டுமே தெரியும். ஊரில் எங்கள் கிணற்று மேட்டில் இருந்த பம்ப்செட்டிலும் அதே கிர்லோஸ்கர்தான். இத்தனைக்கும் யார் இந்தக் கிர்லோஸ்கர் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏதோ வெள்ளைக்காரக் கம்பெனி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வது, மார்க்குக்கு வராததை நாம் எங்கே கேட்டோம்?

கேட்க வைத்தது என் வேலை.

என் அட்டவணை

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் ஒரு முடிவு எடுத்தார்கள். தலைமை அலுவலகத்தையும், அதை ஒட்டியிருந்த டிசைன் பிரிவையும், டெஸ்டிங் ஷெட்டையும் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவது என்று. எந்த மாநிலம் என்று பார்த்துச் சொல்ல நாலு பேர் குழு. அதில் வயதில் சின்னவன் நான். ஆகவே அட்டவணை போடும் வேலை என் தலையில் விழுந்தது.

ஐந்து மாநிலங்கள். நிலத்தின் விலை, மின்கட்டணம், வரிச் சலுகை, முதலீட்டு மானியம், துறைமுகம் எவ்வளவு தூரம், விமான நிலையம் எவ்வளவு தூரம் என்று பன்னிரண்டு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் மார்க். கூட்டிப் பார்த்தால் ஒரு மாநிலம் மற்ற நாலையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. காரணம், அது தருவதாகச் சொன்ன சலுகைகள். எங்களோடு வேலை செய்த 63 பேர் அந்த அட்டவணையில் ஒரே ஒரு வரியாக இருந்தார்கள். அந்த வரிக்கு நான் வைத்த பெயர், இடமாற்றச் செலவு.

அறிக்கையில் கையெழுத்துப் போடுவதற்கு ஒரு வாரம் முன்பு, வேலை விஷயமாக பெங்களூரிலிருந்து புனேவுக்கு ரயிலில் போனேன். மிரஜ், சாங்லி தாண்டிச் சிறிது நேரத்தில் ஒரு ஸ்டேஷன் வந்தது. மஞ்சள் பலகையில் கிர்லோஸ்கர்வாடி என்று எழுதியிருந்தது. சட்டென்று நம் மூன்றாவது லேத்து கண்முன் வந்தது. ஒரு மனிதரின் பெயரில் ஒரு ஊரா? பக்கத்து சீட்டில் இருந்த மராட்டியப் பெரியவர் அரை இந்தியில் கதையை ஆரம்பித்தார். மீதியை நான் ஊருக்கு வந்து தேடிப் படித்தேன்.

ஓவியர் ஆக வேண்டியவர்

லக்ஷ்மண்ராவ் காசிநாத் கிர்லோஸ்கர் 1869-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் தேதி, பெல்காம் ஜில்லாவில் குர்லஹோசூர் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா வேதாந்த பண்டிதர். பிள்ளைக்கோ பள்ளிப் படிப்பில் மனம் ஒட்டவில்லை. படம் வரைவதும், இயந்திரங்களைக் குடைவதும்தான் பிடித்தது. அண்ணன் ராமுவண்ணா கைகொடுக்க, 1885-இல் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். இரண்டு வருஷம் போனபிறகுதான் தெரிந்தது, அவருக்குச் சில நிறங்கள் சரியாகப் பிடிபடவில்லை என்று. நிறக்குறைபாடு உள்ளவன் ஓவியனாவது எப்படி? அந்தக் கனவு அத்தோடு போச்சு.

ஆனால் இயந்திர வரைபடத்துக்குக் கறுப்பு வெள்ளை போதுமே! அதில் தேறி, பம்பாய் விக்டோரியா ஜூபிலி டெக்னிகல் இன்ஸ்டிடியூட்டில் உதவி ஆசிரியர் ஆனார். ஓய்வு நேரத்தில் அங்கிருந்த இயந்திரங்களோடுதான் பொழுது போக்கு. அந்த நாளில் சைக்கிள் ஒரு அதிசயப் பொருள். 1888-இல் அண்ணனும் தம்பியும் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் என்ற பெயரில் சைக்கிள் வியாபாரம் தொடங்கினார்கள். தம்பி பம்பாயிலிருந்து வாங்கி அனுப்புவார். அண்ணன் பெல்காமில் விற்பார். சைக்கிள் விட்டுப் பழகச் சொல்லிக்கொடுப்பதற்குத் தனிக் கட்டணம்!

இன்ஸ்டிடியூட்டில் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு ஓர் ஆங்கிலோ இந்தியருக்குப் போயிற்று. லக்ஷ்மண்ராவ் மூச்சுக்காட்டாமல் ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு பெல்காமுக்குத் திரும்பிவிட்டார். ஒரு சின்னப் பட்டறை போட்டு, மாட்டுத் தீவனம் வெட்டும் இயந்திரம் செய்தார். பிறகு 1903-இல் இரும்புக் கலப்பை.

மரக்கலப்பை மண்ணைக் கீறும். இரும்புக் கலப்பை மண்ணைப் புரட்டிப் போடும். ஆழ வேரோடிய களையை எடுக்க அதுதான் சரி. ஆனால் இரும்பு பட்டால் நிலத்தில் விஷம் ஏறிவிடும் என்று விவசாயிகள் பயந்தார்கள். முதல் கலப்பையை விற்க அவருக்கு இரண்டு வருஷம் பிடித்தது. நண்பர்களே, இரண்டு காலாண்டு விற்பனை குறைந்தாலே நம் கம்பெனிகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இவர் இரண்டு வருஷம் ஒரு பொருளோடு காத்திருந்தார்.

காலி செய்யச் சொன்னார்கள்

வியாபாரம் தலைதூக்கும் நேரத்தில் அடுத்த அடி விழுந்தது. பெல்காம் நகராட்சி ஊரை விரிவாக்கப் போகிறது, பட்டறை இருக்கும் இடம் வேண்டும் என்றார்கள். நாற்பது வயதில், மனைவி மக்களோடும், நம்பி வந்த தொழிலாளிகளோடும், ஃபவுண்டரியோடும் எங்கே போவது?

இன்றைய பாஷையில் சொன்னால், கம்பெனியை எந்த ராஜ்யத்துக்கு ஷிப்ட் செய்வது என்ற பிரச்னை. ராஜ்யம் என்று நான் சும்மா சொல்லவில்லை. அப்போது பெல்காம் பம்பாய் மாகாணத்தில், நேரடி பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. அதைச் சுற்றிலும் கோலாப்பூர், சாங்லி, மிரஜ், ஜம்கண்டி, பல்டன், அவுந்து என்று தக்காணம் முழுக்கச் சுதேச சமஸ்தானங்கள். எல்லை தாண்டினால் சட்டம் வேறு, ராஜா வேறு.

இதில் அவுந்தும் சின்னதுதான். சுமார் 500 சதுர மைல். அதுவும் ஒரே துண்டாக இல்லை. உடைந்த சட்டியின் ஓடுகள் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றும். 1909-இல் பட்டத்துக்கு வந்திருந்த ராஜா பவான்ராவ் பந்த் பிரதிநிதி, லக்ஷ்மண்ராவுக்குப் பழக்கமானவர். இவரைப் போலவே ஓவியத்தில் பித்து உள்ளவர். இவருக்கு இடம் இல்லை என்று அறிந்ததும் தன் சமஸ்தானத்துக்கு வரச் சொல்லிவிட்டார். பெல்காம் வழியாகப் போகும் அதே ரயில் பாதையில் குண்டல் ரோடு என்ற சின்ன ஸ்டேஷன். அதன் பக்கத்தில் 32 ஏக்கர். கையில் 10,000 ரூபாய் கடன்.

இடம் எப்படிப்பட்டது தெரியுமா? கள்ளிச் செடியும் நாகப்பாம்பும். வேறு ஒன்றும் கிடையாது.

இதைப் படித்த அன்று ராத்திரி ஒரு வேலை செய்தேன். என்னுடைய பன்னிரண்டு தலைப்புகளையும் வைத்து, 1910-ஆம் வருஷத்து அவுந்துக்கு மார்க் போட்டேன். துறைமுகம், பூஜ்யம். மின்சாரம், பூஜ்யம். பயிற்சி பெற்ற தொழிலாளர், பூஜ்யம். பக்கத்தில் நகர வசதி, பூஜ்யம். நிலத்துக்கும் ரயிலுக்கும் கொஞ்சம் மார்க் வந்தது. மொத்தத்தில் அவுந்து ஃபெயில். என் அட்டவணைப்படி லக்ஷ்மண்ராவ் அங்கே போயிருக்கவே கூடாது.

அவர் போனார். 1910 மார்ச் 10-ஆம் தேதி கிர்லோஸ்கர்வாடி பிறந்தது.

அவர் பார்த்ததும் நான் பார்க்காததும்

அப்படியானால் அவர் கண்ணை மூடிக்கொண்டா முடிவு எடுத்தார்? இல்லை. அவர் மனதில் என்ன கணக்கு ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் அந்த இடத்தை ஓர் இன்ஜினியர் கண்ணோடு பார்த்தால் சில விஷயங்கள் புலப்படுகின்றன.

வாசலிலேயே ரயில். இரும்பும் கரியும் வந்து இறங்கலாம், கலப்பை ஏறிப் போகலாம். சுற்றிலும் கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் விவசாய பூமி. அதாவது, கலப்பை வாங்க வேண்டியவன் பட்டறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறான்; ரிப்பேர் என்றால் மாட்டுவண்டியில் கொண்டுவந்து போட்டுவிடுவான். வா என்று கூப்பிட்டவர், பட்டறையை விரட்டாத ராஜா. எல்லாவற்றுக்கும் மேலாக 32 ஏக்கர் என்பது பட்டறைக்கு மட்டும் வேண்டிய இடமல்ல. ஒரு ஊருக்கு வேண்டிய இடம்.

ஏனென்றால் லக்ஷ்மண்ராவ் இயந்திரங்களை மட்டும் ரயிலில் ஏற்றவில்லை. 25 தொழிலாளிகளையும் அவர்கள் குடும்பங்களையும் கூட்டிக்கொண்டு போனார். தொழிலாளிகளுக்கென்று ஒரு ஊர் கட்டவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. கள்ளியை வெட்டினார்கள், பாம்பை அடித்தார்கள், வீடு கட்டினார்கள், கலப்பையும் வார்த்தார்கள்.

கூட இருந்தவர்களைப் பாருங்கள். ஊரைத் திட்டமிட்டவர் அண்ணன் ராமுவண்ணா. இன்ஜினியரிங் பக்கம் சம்புராவ் ஜம்பேகர். கணக்குப் பிள்ளை மங்கேஷ்ராவ் ரேகே. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அனந்தராவ் பல்ணீகர், புதுசு புதுசாக யோசித்துச் செய்வதில் மன்னன். ராத்திரிக் காவலுக்கு யார் தெரியுமா? துக்காராம் ராமோஷி, பீர்யா மாங் என்ற இரண்டு முன்னாள் கொள்ளைக்காரர்கள்! அவர்களை நம்பி வேலை கொடுத்தார்; அவர்களும் நம்பிக்கையைக் காப்பாற்றினார்கள். அந்த ஊருக்குள் தீண்டாமை கூடாது என்று லக்ஷ்மண்ராவ் தடை போட்டார். 1910-களில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கலப்பையிலிருந்து லேத்து வரை

முதல் உலகப் போர் வந்தது. வெளிநாட்டுக் கலப்பைகளின் வரத்து குறைந்ததால் இவர் கலப்பைக்குக் கிராக்கி ஏறியது. அதே போரினால் இரும்புக்கும் கரிக்கும் திண்டாட்டம். இரண்டையும் சமாளித்து நின்றார்கள். 1920-இல் கிர்லோஸ்கர் பிரதர்ஸ் பப்ளிக் லிமிடெட் கம்பெனி ஆயிற்று. கரும்பு ஆலை, நிலக்கடலை உடைக்கும் இயந்திரம், 1926-இல் சென்ட்ரிஃப்யூகல் பம்ப் என்று விவசாயிக்கு வேண்டியதாகவே செய்தார்கள். அதே 1926-இல் மகன் சாந்தனுராவ் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் இன்ஜினியரிங் முடித்தார். படிப்பு முடிந்து திரும்பியது கிர்லோஸ்கர்வாடிக்குத்தான். பிற்காலத்தில் அவர் எழுதிய சுயசரிதைக்குக் கள்ளியும் ரோஜாவும் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை வைத்தார். அந்த 32 ஏக்கரைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தலைப்பு புரியும்.

1941-இல் மைசூர் சமஸ்தானத்து ஹரிஹரில் மைசூர் கிர்லோஸ்கர் தொடங்கியது. நம் ஒர்க்‌ஷாப் லேத்தின் பிறந்த வீடு அதுதான். இன்று அந்தக் கம்பெனி இயங்கவில்லை; அதன் லேத்துகள் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1946-இல் பெங்களூரில் கிர்லோஸ்கர் எலெக்ட்ரிக், புனேயில் கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ். மேப்பை விரித்து வைத்துப் பாருங்கள். புனே, கிர்லோஸ்கர்வாடி, பெல்காம், ஹரிஹர், பெங்களூர். ஐந்தும் ஒரே ரயில் தடத்தில் கோத்த மணிகள். ராஜ்யங்கள் வேறு வேறு; தண்டவாளம் ஒன்று.

ராஜ்யம் மறைந்தது

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகள் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவன் மராட்டியப் பிராமணன் என்பதால், அந்த வட்டாரத்தில் பிராமணர்களின் வீடுகளையும் தொழில்களையும் கும்பல்கள் தாக்கின. கிர்லோஸ்கர்வாடித் தொழிற்சாலைக்கும் தீ வைத்தார்கள். கள்ளிக்காட்டிலிருந்து 38 வருஷமாகக் கட்டியது எரிவதைக் காணும்படி ஆயிற்று, 78 வயது லக்ஷ்மண்ராவுக்கு.

அதே வருஷம் மார்ச் மாதம் அவுந்து சமஸ்தானம் பம்பாய் ராஜ்யத்தோடு இணைந்தது. ராஜா பவான்ராவ் 1939-லேயே தன் அதிகாரத்தை மக்களிடம் ஒப்படைக்க அரசியல் சட்டம் கொண்டுவந்தவர், நல்ல மனிதர். ஆனாலும் அவர் ராஜ்யம் மேப்பிலிருந்து மறைந்துவிட்டது. இடம் கொடுத்து வா என்று கூப்பிட்ட அரசாங்கமே இல்லை!

ஆனால் ஊர் இருந்தது. தொழிற்சாலை மறுபடி எழுந்தது. லக்ஷ்மண்ராவ் 1956 செப்டம்பர் 26 அன்று காலமானார். அதற்குப் பிறகு ஐந்து வாரத்தில், நவம்பர் 1-ஆம் தேதி, மொழிவாரி மாநிலச் சீரமைப்பில் அவர் காலி செய்துவிட்டு வந்த பெல்காம் மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. 1960-இல் கிர்லோஸ்கர்வாடி மகாராஷ்டிரம் ஆயிற்று. நூற்றாண்டு வருஷமான 1969-இல் தபால் துறை அவருக்குத் தலை வெளியிட்டது. கம்பெனியின் தலைமை அலுவலகம்கூடப் பிற்காலத்தில் புனேவுக்குப் போய்விட்டது. குண்டல் ரோடு என்ற பெயரே மாறி, ஸ்டேஷனுக்கு அவர் பெயர் வந்தது. தொழிற்சாலை மட்டும் இன்றும் அங்கேயே பம்ப் செய்துகொண்டிருக்கிறது.

நாம் மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்று நினைக்கிறோம். மாநிலத்தின் சலுகை பத்து வருஷத்தில் முடியும். மந்திரி மாறுவார். கொள்கை மாறும். எல்லைக்கோடுகூட மாறும் என்று இந்தக் கதை சொல்கிறது. எதெல்லாம் மாறாது என்று பார்த்தால் தண்டவாளம், வாங்குகிறவன், கூட வந்த மனிதர்கள். என் அட்டவணையில் பாதிக்கு மேல் மார்க் கொடுத்திருந்தது மாறக்கூடியவற்றுக்குத்தான்.

திருத்திய அறிக்கை

நான் கையெழுத்துப் போடவில்லை. ஒரு வாரம் டைம் கேட்டேன். எம்.டி. முகம் சுளித்தார், ஆனாலும் கொடுத்தார். அந்த 63 பேரிடமும் உட்கார்ந்து பேசினேன். டெஸ்டிங்கில் இருபது வருஷமாக இருக்கும் எங்கள் அண்ணன் ஒருவர், பம்ப் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் போயிருப்பதைச் சொல்வார். அவர் மகள் அப்போது பிளஸ் டூ. வயதான அம்மா வேறு. அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. என்னைக் கேட்காமலே முடிவு எடுத்துவிட்டீர்களே தம்பி என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு என் அட்டவணையில் இடம் இல்லை.

ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே ஒரு புது வரிசை சேர்த்தேன். பத்து வருஷம் கழித்தும் இது இருக்குமா என்பதுதான் கேள்வி. அப்புறம், யார் யார் கூட வருவார்கள் என்று இன்னொன்று. கூட்டிப் பார்த்தால் முதலில் இருந்த மாநிலம் மூன்றாவதாகப் போயிற்று. இரண்டாவதாக இருந்தது முதலில் வந்தது. அங்கே மானியம் குறைவு. ஆனால் எங்கள் பம்புகளை வாங்குகிறவர்கள் அங்கே இருக்கிறார்கள்; எங்கள் ஆட்களில் பெரும்பாலானவர்கள் வரத் தயாராக இருந்தார்கள்.

நான் சொன்ன எல்லாவற்றையும் மேலிடம் ஏற்றுக்கொண்டது என்று பெருமையடித்தால் அது பொய். தொழிலாளிகளுக்குக் குடியிருப்பு கட்டவேண்டும் என்ற யோசனை செலவு அதிகம் என்று நின்றுவிட்டது. அது இன்னும் எனக்கு வருத்தம்தான். ஆனால் மாநிலத்தை மாற்றினார்கள். இரண்டு கட்டமாகப் போவது என்றும், வர முடியாதவர்களுக்காக டெஸ்டிங் ஷெட்டைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்வது என்றும் ஒப்புக்கொண்டார்கள். அண்ணன் மகள் இப்போது இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மெக்கானிக்கல்தான் எடுத்தாள் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

தம்பி தங்கைகளே! நாளைக்கு நீங்களும் மேனேஜர் ஆவீர்கள். உங்கள் கையிலும் இப்படி ஒரு அட்டவணை வரும். அதில் மனிதர்கள் ஒரு வரியாகச் சுருங்கியிருந்தால், கையெழுத்துப் போடும்முன் ஒரு நிமிஷம், கள்ளிக்காட்டில் 25 குடும்பங்களோடு ரயிலை விட்டு இறங்கிய அந்த நாற்பது வயது மனிதரை நினைத்துக்கொள்ளுங்கள்.

சந்திப்பு நாளன்று நான் முதலில் போகப்போவது ஒர்க்‌ஷாப்புக்குத்தான். மூன்றாவது லேத்து இன்னும் இருந்தால், அதன்மேல் கையை வைத்து ஒரு நன்றி சொல்லவேண்டும். நான் பாழாக்கிய துண்டுகளுக்கு ஒரு மன்னிப்பும்.

வளர்க நம் கல்லூரி!